என் நாத்தனாரின் சுத்தத் தண்ணீர்

என் நாத்தனாரைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லவிதமாக நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்திருப்பேன். நானாக எழுதுவதால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

அவள் என் கணவரின் அக்கா. ஆள் குள்ளம். ஆய்வகத்தில் மேசை உயரத்துக்கு எட்ட வேண்டும் என்பதற்காக அவளுக்கென்று ஒரு மரப்பலகை கிடக்கிறது. அதை வேறு யாரும் மிதிக்கக் கூடாது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள் இல்லையா, அதனால் அங்கே அவளுக்குப் பெயர் கடுகு. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் கடுகு. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் வைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. நான் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பேன்.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தானாம். யார் வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் கொடுத்தால் அவர்கள் கண்ணெதிரிலேயே டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிவிட்டு, அவளே தண்ணீர் பிடித்துக் குடிப்பாளாம். மாமியார் உயிரோடு இருந்தபோது இதைப் பெருமையாகச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். பெற்றவளுக்குக் காக்கைக் குஞ்சும் பொன் குஞ்சு. 

படிப்பு நன்றாக வந்தது. மேலே படிப்பதற்குள் அப்பா போய்விட்டார். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் தண்ணீர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டாள். தம்பியை வளர்த்தது அவள்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்த்த கையே தினமும் வந்து "நான் வளர்த்தேன், நான் வளர்த்தேன்" என்று தட்டிக்கொண்டிருந்தால் வளர்ந்தவனுக்கு முதுகு நிமிராது. என் கணவருக்கு நிமிரவில்லை.

அவளுக்கும் கல்யாணம் நடந்தது. அந்த மனிதர் கொஞ்ச காலம் பார்த்தார், பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தூரமாகப் போனார், திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நாங்கள் கீழ்த்தளம், அவள் மாடி, சமையலறை மட்டும் ஒன்று. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதையும் மறக்க விடமாட்டாள். வீட்டில் அண்ணி என்று கூப்பிட வேண்டும், வேலையில் மேடம் என்று கூப்பிட வேண்டும். ஒருநாள் வேலையில் வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டேன். "இங்க யாரு உனக்கு அண்ணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மேடம் என்று கூப்பிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியான நாட்கள்.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் உயிர் கடற்பஞ்சு. ஓடாது, நகராது, பார்த்தால் செடி மாதிரி இருக்கும், ஆனால் செடி இல்லை. உடம்பெல்லாம் ஓட்டை. நாள் முழுக்கக் கடல்நீரை உறிஞ்சி, அதில் இருப்பதைப் பிடித்துத் தின்றுவிட்டு மீதியை வெளியே தள்ளும். அதன் உடம்புக்குள் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். அந்தக் கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் உண்டு, அதைவிட மிகச் சின்னது, வைரஸ். பெரும்பாலானவை மனிதனை ஒன்றும் செய்யாது, பஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களைத்தான் பிடிக்கும். ஒரு பஞ்சுக்குள் எந்தெந்த வைரஸ்கள் குடியிருக்கின்றன, அவை அதற்கே சொந்தமானவையா, தண்ணீரோடு வந்து போகிறவையா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

முக்குளிப்பவர்கள் பாறைத்திட்டுகளிலிருந்து பஞ்சை வெட்டிக் கொண்டுவருவார்கள். அதன்மேல் ஒட்டியிருக்கும் வெளிக் கடல்நீர் போகும்வரை சுத்தமான கடல்நீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு அதே சுத்தமான நீரை விட்டு அரைத்து, வைரஸ்களைப் பிரித்து, அவற்றின் மரபணுவைப் படித்து, கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கழுவுவது, அரைப்பது, ஒப்பிடுவது எல்லாம் நான். அந்தச் சுத்தமான கடல்நீரைத் தயாரிப்பது நாத்தனார்.

அது அவளுடைய ராஜ்ஜியம். நிலையத்துக்கு எதிரே கடலிலிருந்து குழாய் வழியாக நீர் ஏறும். அதை வடிகட்டிக்குமேல் வடிகட்டி விட்டு, இரண்டு வெள்ளைப் பீப்பாய்களில் நிரப்பி வைப்பாள். மற்றக் கூடங்களிலிருந்து வருகிறவர்களிடம் "என் தண்ணியில ஒரு பாக்டீரியா காட்டு, நான் வேலைய விட்டுடறேன்" என்பாள். யாரும் காட்டியதில்லை. காட்டவும் முடியாது, அந்த வடிகட்டி பாக்டீரியாவை விடாது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், "மேடம், இந்தத் தண்ணிய எப்பவாவது செக் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். நாத்தனார் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "முதல்ல நீ நின்ன எடத்த பெருக்கு" என்றாள். அவர் பெருக்கினார். அதற்கப்புறம் யாரும் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில்லை.

எங்கள் பிரிவு முதலில் பாக்டீரியாவைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் வைரஸுக்கு மாறினோம். கருவிகள் மாறின, சாயங்கள் மாறின, முறைகள் எல்லாமே மாறின. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. அது கடுகின் தண்ணீர், அதில் கைவைக்க யாருக்குத் துணிச்சல்?

இப்படிச் சில ஆண்டுகள் போனபிறகு ஒரு பெரிய செய்தி கிடைத்தது. ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் ஐந்து பாறைத்திட்டுகளின் பஞ்சுகளிலும் ஒரே வைரஸ் கூட்டம் இருந்தது. கடல் எதுவானாலும் பஞ்சு தன் வைரஸ்களைத் தன்னோடே வைத்துக் காப்பாற்றுகிறது என்று அதற்கு அர்த்தம். நான் கொடுத்த ஒப்பீட்டைப் பார்த்து இதை முதலில் சொன்னது நாத்தனார். இயக்குநர் தலைகால் புரியாமல் மகிழ்ந்துபோனார். அந்தச் சமயத்தில் எங்கள் கணினிப் பிரிவுத் தலைவர் ஓய்வுபெறவிருந்தார். அவர் வாயில்லாப் பூச்சி, அவருக்குக் கீழே வேலை செய்வது சுகம். அவர் போனதும் கணினிப் பிரிவையும் நாத்தனாரின் தண்ணீர்ப் பிரிவையும் ஒன்றாக்கி ஒரே தலைவரைப் போடப்போவதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து ஒரு குழு வரும், நாத்தனார் தன் கண்டுபிடிப்பை விளக்குவாள், குழுவுக்குப் பிடித்தால் அவள்தான் தலைவர்.

அதாவது, வீட்டிலும் அவள், வேலையிலும் அவள், அவள் ஓய்வுபெறும்வரை. இந்த ஒரு நினைப்பு எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. என் கணவரிடம் தனி வீடு பார்க்கலாம் என்றேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் என்ன செய்வார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு பஞ்சு மாதிரியில் மனிதத் தோலில் இருக்கும் கிருமி ஒன்றின் தடம் வந்தது. யாருடைய கையிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். நாத்தனார் கூடத்தின் நடுவில் நின்று, "வீட்லயே ஒரு பாத்திரம் ஒழுங்கா கழுவத் தெரியாது. இங்க மட்டும் எப்படி வரும்?" என்றாள். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

என் கை சுத்தம் என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு, சுத்தத் தண்ணீரில் கையை அலசி, அலசிய நீரை ஒரு பஞ்சு மாதிரிபோலவே எல்லாச் சோதனைக்கும் அனுப்பினேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதனால் பீப்பாயிலிருந்து கைபடாத தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். முடிவு வந்தது. அலசிய நீரில் தோல் கிருமி இல்லை. ஆனால் ஒரு பெரிய வைரஸ் கூட்டம் இருந்தது. என் கையிலா இவ்வளவு என்று பயந்து அடுத்ததைத் திறந்தேன். கைபடாத தண்ணீரிலும் அதே கூட்டம். ஐந்து திட்டுகளின் பஞ்சுகளோடு ஒப்பிட்டேன். அச்சு அசலாக அதே கூட்டம்.

விஷயம் இவ்வளவுதான். அவளுடைய வடிகட்டியின் ஓட்டை பாக்டீரியாவுக்குச் சின்னது, வைரஸுக்குப் பெரியது. நிலையத்தின் எதிரே இருக்கும் கடலின் வைரஸ்கள் அத்தனையும் அதன் வழியாக வந்து பீப்பாயில் உட்கார்ந்திருந்தன. எந்தத் திட்டிலிருந்து எந்தப் பஞ்சு வந்தாலும் அதில்தான் கழுவினோம், அதை விட்டுத்தான் அரைத்தோம். பிறகு எல்லாவற்றிலும் ஒரே கூட்டம் இருக்கிறதே என்று வியந்தோம். ஒப்பீட்டுக்காக வெறும் காய்ச்சிவடித்த நீரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தோமே தவிர, கழுவுகிற நீரைச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவர் தரை பெருக்கினார்.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க என்ன இருக்கிறது? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. குழு வரும் நாளில், அவள் பேசி முடித்ததும், கேள்வி நேரத்தில் எழுந்து நின்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்க வேண்டும்: "மேடம், கழுவுற தண்ணிய செக் பண்ணீங்களா?" குளியலறைக் கண்ணாடிமுன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மற்றபடி வழக்கம்போல் வேலைக்குப் போனேன், வழக்கம்போல் பஞ்சுகளைக் கழுவினேன், வழக்கம்போல் திட்டு வாங்கினேன். திட்டு வாங்கும்போது முன்பு மாதிரி வலிக்கவில்லை.

ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். குழு வருவதற்குச் சில நாள் முன்பு, சாயங்காலம், சமையலறையில் நாத்தனார் நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து முகர்ந்தாள்.

"சோப்பு வாடை போகல. திரும்பக் கழுவு."

"கழுவிட்டேன் அண்ணி."

"கழுவினா ஏன் வாடை வருது? சுத்தம்னா என்னன்னு உங்க அம்மா சொல்லிக் குடுக்கலையா?"

என்னைச் சொல்லட்டும், வாங்கிப் பழகிவிட்டது. என் அம்மாவை இழுத்ததும் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

"உங்க சுத்தம் என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும் அண்ணி. உங்க தண்ணிய சோதிச்சுப் பாத்தாச்சு. அஞ்சு திட்டுலயும் ஒரே வைரஸ்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அது பஞ்சுல இல்ல. உங்க பீப்பாய்ல இருக்கு."

டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவர், போன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போன் மேசைமேல்தான் கிடந்தது, அடிக்கவும் இல்லை.

நாத்தனார் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எந்தப் பீப்பாய்?"

"வலது பக்கம் இருக்கிறது."

"தண்ணிய மட்டும் தனியா டெஸ்டுல ஓட்டினியா?"

"ஆமா."

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொறாமை புடிச்சவ" என்றாள். பிறகு அந்தப் பாத்திரத்தை அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் நான் போனபோது அவள் நுண்ணோக்கி அறையில் பலகைமேல் நின்றுகொண்டிருந்தாள். விளக்கை அணைத்திருந்தாள். தண்ணீரை மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, பச்சைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால், வைரஸ்கள் புள்ளி புள்ளியாக மின்னும். என்ன வைரஸ் என்று தெரியாது, இருக்கிறது என்பது தெரியும். நான் வாசலில் நின்றேன். கண்ணை எடுக்காமலே, "உள்ள வராத" என்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். எண்ணிப் பார்த்திருப்பாள்போல. எண்ணி முடிகிற காரியம் இல்லை.

அவள் இதை மூடி மறைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்து மறைத்தால் குற்றம். மறைத்துவிட்டு மேடையில் நிற்கட்டும், அப்போது நான் கேட்கும் கேள்வியில் விழுந்தால் அவள் எழுந்திருக்கவே முடியாது.

குழு வந்தது. இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் நடுவரிசையில், எழுந்து நிற்க வசதியாக ஓரத்து நாற்காலியில். நாத்தனார் பலகையைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் ஏறி நின்றாள். பஞ்சைப் பற்றிச் சொன்னாள், திட்டுகளைப் பற்றிச் சொன்னாள். ஐந்து திட்டுகளின் வைரஸ்களையும் ஒன்றாகக் காட்டும் படம் திரையில் வந்தது. இயக்குநர் குழுவின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"இதுவரைக்கும் சொன்னது சரி" என்றாள் நாத்தனார். "இந்தப் படம் தப்பு."

அவள் வீட்டில் பாத்திரத்தைப் பற்றிப் பேசும் அதே குரலில் பேசினாள். "கழுவுற தண்ணியிலயே இந்த வைரஸ் இருக்கு. எங்க பில்டர் பாக்டீரியாவ நிறுத்தும், வைரஸ நிறுத்தாது. அஞ்சு திட்டுல நாங்க பாத்தது பஞ்சோட வைரஸ் இல்ல, இந்த வாசல்ல இருக்கிற கடலோட வைரஸ்."

இயக்குநர் எழுந்தே விட்டார். "இத இப்பதான் சொல்றீங்களா?"

"இப்பதான் தெரியும்."

"இத்தன வருஷமா ஒருத்தரும் பாக்கலையா?"

"கேட்டாதானே பாக்கிறதுக்கு? கேக்க நான் விடல. கேட்டவன் கையில தொடப்பத்தக் குடுத்தேன்."

குழுவில் இருந்த ஓர் அம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அது அவள் பக்கம் சாய்ந்த சிரிப்பு.

"கண்டுபிடிச்சது யாரு?" என்று இயக்குநர் கேட்டார்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். நாத்தனாரின் கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான். என் தண்ணி. நான்தான் சோதிச்சேன்."

"அப்ப பஞ்சுக்குள்ள உண்மையில என்னதான் இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தெரியாது. வைரஸயும் நிறுத்துற பில்டர் போட்டு, முதல்லேருந்து கழுவணும்" என்று சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து இறங்கினாள்.

கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்த கேள்வி என் தொண்டையிலேயே கிடந்தது. அடுத்த வாரம் முடிவு வந்தது. தன் தவற்றைத் தானே கண்டுபிடித்து, தானே சபையில் சொன்னவர், இப்படிப்பட்டவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று குழு சொல்லிவிட்டதாம். யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பதவியை வாரி எடுத்து அவள் தலையில் போட்டிருக்கிறேன்.

வீட்டில் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா உன் பேர சொல்லாதது உன் நல்லதுக்கும் இருக்கலாம். நீதானே இத்தன வருஷம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டிருந்த? உன் பேர் வந்திருந்தா, நீ ஏன் முன்னாடியே பாக்கலன்னு டைரக்டர் உன்னத்தான் பிடிச்சிருப்பாரு."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை" என்றேன். அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஆறவில்லை. அவள் தலைவரான முதல் நாளே தண்ணீர் அறைக்குப் போனேன். தலைவருக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே உட்காராமல், புது வடிகட்டியைத் தானே குழாயில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கண்டுபிடிச்சத நீங்க கண்டுபிடிச்சதா சொல்லிட்டீங்க" என்றேன். அண்ணியும் சொல்லவில்லை, மேடமும் சொல்லவில்லை.

"ஆமா" என்றாள், திரும்பாமலே.

"அது உங்களுக்கே நியாயமா படுதா?"

முறுக்குவதை நிறுத்தினாள். திரும்பி, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணியில வைரஸ் இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு என்ன பண்ண?"

நான் பீப்பாய்ப் பக்கம் பார்த்தேன்.

"மறுநாள் வந்த. கிளவுஸ மாட்டின. அதே தண்ணியில பஞ்சக் கழுவின. அதுக்கு மறுநாளும் கழுவின. முக்குளிக்கிறவங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் வெட்டிக்கிட்டு வந்ததயெல்லாம் தெரிஞ்சே பாழாக்கின, நான் மேடையில விழுறதப் பாக்கணும்னு. நான் தெரியாம கழுவ வெச்சவ. நீ தெரிஞ்சு கழுவினவ. இதுல உன் பேரயும் சொல்லியிருக்கணுமா? சொல்லு, இப்பவே போய் டைரக்டர்கிட்ட சொல்லிடறேன்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பழைய சாம்பிள் எல்லாத்தையும் எடுத்துக் கொட்டு" என்றாள். "கொட்டிட்டு வந்து பீப்பாயத் தேய். நான் மோந்து பாப்பேன்."

கொட்டினேன். தேய்த்தேன். அவள் வந்து குனிந்து முகர்ந்து பார்த்து, திரும்பத் தேய்க்கச் சொன்னாள். அதையும் செய்தேன். எனக்கு அவளை முன்பும் பிடிக்காது. அன்றைக்கு அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் பொய் என்று தள்ள முடியவில்லை என்பதால், இப்போது இன்னும் பிடிக்கவில்லை.